குறைத்துச் சொல்லப்பட்ட வாக்குகள்

1974 அக்டோபர் 10

பிரிட்டனில் ஒரே ஆண்டில் நடந்த இரண்டாம் பொதுத்தேர்தலிலும் கன்சர்வேட்டிவ் கட்சி தோற்றது. 1965 முதல் அக்கட்சியின் தலைவராக இருந்த எட்வர்ட் ஹீத், தாம் சந்தித்த நான்கு பொதுத்தேர்தல்களில் மூன்றில் தோற்றிருந்தும் விலக மறுத்தார்.

1974 நவம்பர் 21

ஹீத்தை எதிர்ப்பார் எனப் பலரும் நம்பியிருந்த கீத் ஜோசப், போட்டியிடப் போவதில்லை என்று மார்கரெட் தாட்சரிடம் தெரிவித்தார். ஏழைத் தாய்மார்களின் பிள்ளைப்பேறு பற்றி அவர் அக்டோபரில் பர்மிங்காமில் ஆற்றிய உரை கிளப்பிய கண்டனமே அதற்குக் காரணம். ஜோசப் நிற்காவிட்டால் தாமே நிற்பதாகத் தாட்சர் கூறினார். நான்கு நாள் கழித்து ஹீத்தை நேரில் சந்தித்து அதைத் தெரிவித்தார். கல்வி அமைச்சராக இருந்தபோது ஏழு வயதைக் கடந்த பள்ளிக் குழந்தைகளுக்கான இலவசப் பாலை நிறுத்தியவர் என்பதே அன்று நாடு அவரைப் பற்றி அறிந்திருந்த பெரும் செய்தி.

நவம்பர் இறுதி

ஓய்வுபெறுவோருக்கான இதழ் ஒன்றின் பேட்டியில், விலைவாசி ஏறுவதால் டப்பா உணவுகளை முன்கூட்டியே சிறிது சிறிதாக வாங்கி வைக்கலாம் என்று தாட்சர் கூறியிருந்ததை நாளேடுகள் பதுக்கலாகத் திரித்தன. அவர் பத்திரிகையாளர்களை வீட்டுக்கு அழைத்துத் தம் சமையலறை அலமாரியைத் திறந்து காட்ட நேர்ந்தது. ஆண் வேட்பாளர் ஒருவரின் அடுக்களை இவ்வளவு அக்கறையுடன் சோதிக்கப்பட்டிருக்குமா என்பது ஐயமே.

1974 டிசம்பர்

முன்னாள் பிரதமர் அலெக் டக்ளஸ்-ஹியூம் தலைமையிலான குழு புதிய தேர்தல் விதிகளைப் பரிந்துரைத்தது. பதவியில் இருக்கும் தலைவரை ஆண்டுதோறும் எதிர்த்துப் போட்டியிட அவை வழி செய்தன. அன்று வாக்குரிமை கட்சியின் மக்களவை உறுப்பினர்களுக்கு மட்டுமே இருந்தது. முதல் சுற்றிலேயே வெல்ல விரும்புபவர் அறுதிப் பெரும்பான்மை பெறுவதோடு, அடுத்த இடத்தில் உள்ளவரைவிட, வாக்குரிமை உள்ளோர் தொகையில் 15 விழுக்காட்டளவு கூடுதல் வாக்குகளும் பெற வேண்டியிருந்தது. முன்பு இந்த விழுக்காடு வாக்களித்தோர் தொகையிலிருந்து கணக்கிடப்பட்டது; இம்மாற்றத்தால், வாக்களிக்காமல் ஒதுங்குவோரும் இனி நடப்புத் தலைவருக்குத் தடையாவர் என்ற நிலை உருவாயிற்று. முடிவு கிட்டாவிட்டால் நடக்கும் இரண்டாம் சுற்றில் புதியவர்களும் களமிறங்க இடமிருந்தது. பத்தாண்டுக்கு முன் ஹீத்துக்கு இடம்விட்டு விலகியவர் டக்ளஸ்-ஹியூம் என்பதால், கட்சியினர் இவ்விதியை அலெக்கின் பழிவாங்கல் என்று கேலியாகக் குறிப்பிட்டனர்.

1975 ஜனவரி

பின்வரிசை உறுப்பினர்களின் அமைப்பான 1922 குழுவின் தலைவர் எட்வர்ட் டு கான், போட்டியிடும் எண்ணத்தைக் கைவிட்டார். அவருக்காக ஆதரவு திரட்டிவந்த ஏரி நீவ் உடனே தாட்சரின் பக்கம் வந்து பிரசாரப் பொறுப்பை ஏற்றார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் கோல்டிட்ஸ் கோட்டைச் சிறையிலிருந்து தப்பி நாடு திரும்பிய நீவ், பேசுவதைவிடக் கேட்பதில் வல்லவர். வில்லியம் ஷெல்டன் தொகுத்த உறுப்பினர் பட்டியலைக் கொண்டு தம் பக்கத்தின் உண்மை வலிமையை அவர் அறிந்திருந்தும், வெளியில் அதைக் குறைத்தே சொன்னார். ஹீத் எளிதில் வெல்லக்கூடும் என்று அஞ்சிய அதிருப்தியாளர்கள், அவருக்கு ஓர் எச்சரிக்கையாவது விடுக்க வேண்டுமென்றோ, கட்சியின் மூத்த உறுப்பினர் வில்லியம் ஒயிட்லா போன்றோர் இறங்குவதற்கு இரண்டாம் சுற்று வர வேண்டுமென்றோ கருதித் தாட்சருக்கு வாக்களிக்க இந்த உத்தி வழிசெய்தது. அவரைத் தலைவராக்க விரும்பாதவர்களின் வாக்கும் அவருக்கே சேர்ந்தது என்பதே இத்தேர்தலின் விசித்திரம். ஆனால் உத்தியால் மட்டும் அவர் உயர்ந்தார் என்பது பொருந்தாது. ஜனவரி 22 அன்று நிதி மசோதா விவாதத்தில் நிதியமைச்சர் டெனிஸ் ஹீலியின் ஏளனத்துக்கு அவர் கொடுத்த சூடான பதிலடி, தோல்வியால் துவண்டிருந்த பின்வரிசையினரை நிமிர்ந்து உட்காரவைத்தது. ஹீத் தரப்போ, பல ஆண்டுகள் கண்டுகொள்ளாமல் விட்ட உறுப்பினர்களை விருந்துக்கு அழைக்கத் தொடங்கியது; காலம் கடந்த அந்த உபசரிப்பு பலருக்கு எரிச்சலையே தந்தது.

1975 பிப்ரவரி 4

வாக்குரிமை பெற்ற 276 உறுப்பினர்களில் தாட்சருக்கு 130 பேரும், ஹீத்துக்கு 119 பேரும், மூன்றாம் வேட்பாளரான ஹியூ ஃபிரேசருக்கு 16 பேரும் வாக்களித்தனர்; 11 பேர் ஒதுங்கினர். தொகுதிச் சங்கங்களில் பெரும்பாலானவை தம்மையே விரும்புவதாகக் கேட்டிருந்த ஹீத், அன்றே பதவி விலகினார். எச்சரிக்கையாக விழுந்த வாக்குகள் தலைவரையே வீழ்த்திவிட்டன.

1975 பிப்ரவரி 11

ஹீத் மீதான விசுவாசத்தால் முதல் சுற்றில் ஒதுங்கி நின்ற வில்லியம் ஒயிட்லா இப்போது களமிறங்கினார். ஜெஃப்ரி ஹௌ, ஜேம்ஸ் பிரையர், ஜான் பேட்டன் ஆகியோரும் சேர்ந்து எதிரணி வாக்குகளைப் பிரித்தனர். இச்சுற்றின் வேட்பாளர்களில், முதல் சுற்றிலேயே துணிந்து நின்றவர் என்ற பெயர் தாட்சருக்கு மட்டுமே இருந்தது. அவர் 146 வாக்குகளும் ஒயிட்லா 79 வாக்குகளும் பெற்றனர். ஹௌவும் பிரையரும் தலா 19, பேட்டன் 11. பெரும்பான்மைக்குத் தேவைப்பட்டவை 139 என்பதால் மூன்றாம் சுற்றுக்கு வேலையின்றிப் போயிற்று. பிரிட்டனின் பெருங்கட்சி ஒன்றுக்கு முதன்முறையாக ஒரு பெண் தலைவரானார். தோற்ற ஒயிட்லா அவருக்குத் துணைத் தலைவராகப் பணியாற்ற இசைந்தார்.