‘பம்ப் போட்டுது’

வேலணையில் கராஜ் வைத்திருக்கிற நான், என்னிடம் வந்த எத்தனையோ கார்களுக்கு ‘பம்ப் போட்டுது’ என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். அவற்றில் பாதிக்கு மேல் பழுதில்லாத பம்புகள் என்று இப்போது தெரிகிறது. ஒன்றைக்கூட நான் அளந்து பார்த்துக் கழற்றியதில்லை. பெற்றோல் எத்தனை றாத்தல் அமுக்கத்தில் வருகிறது என்று பார்க்க ஒரு மானி வேண்டும். அது என்னிடம் இருக்கவில்லை. கொம்பனிச் சாமான், வாங்கக் கட்டாது என்று ஊருக்குச் சொன்னேன். செய்துகொள்ள எனக்குத் தெரியும் என்பதை மட்டும் ஒருவருக்கும் சொல்லவில்லை.

நான் தொழில் படித்த காலம் அப்படி. 1990 இல் தீவுப்பகுதிச் சண்டையோடு குடாநாட்டுக்கு இடம்பெயர்ந்தோம். யாழ்ப்பாணத்தில் ஒரு கராஜில் சாவி எடுத்துக் கொடுக்கிற பெடியனாகச் சேர்ந்தேன். பொருளாதாரத் தடைக் காலம். பெற்றோலைக் கண்ணால் காண்பதே அரிது. ஒஸ்ரின் ஏ40, கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் இருக்கும். அதிலே ஸ்ராட் எடுத்து, எஞ்சின் சூடானதும் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். நிற்பாட்ட முன்னம் திரும்பவும் பெற்றோலுக்கு மாற்றாவிட்டால் அடுத்த நாள் காபரேற்றருக்குள் மண்ணெண்ணெய்தான் நிற்கும், கார் எழும்பாது. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கிவிடும். இதையெல்லாம் முதலாளி மணத்திலும் சத்தத்திலும் கண்டுபிடிப்பார். ஒயில் குச்சியை இழுத்து மூக்கடியில் பிடித்தாலே மாற்றவேண்டுமா இல்லையா என்று சொல்லிவிடுவார். ‘காது கிடக்க ஏன்ராப்பா மீற்றர்’ என்பது அவர் வாய்ப்பேச்சு. அந்த எஞ்சின்களுக்கு அது சரிதான். காபரேற்றர் காரின் பம்ப் தருவது சில றாத்தல்தான். கூடினாலும் குறைந்தாலும் எஞ்சினின் பேச்சு மாறும், பழகிய காது பிடித்துவிடும். நானும் அந்தக் காதைச் சம்பாதித்தேன். அதில் எனக்குக் கர்வமும் இருந்தது.

2002 இல் ஏ9 பாதை திறந்தது. 2009 க்குப் பிறகு தெற்கிலிருந்து ஜப்பான் கார்கள் வரிசையாக வந்தன. கொறொல்லா 110, நிசான் சனி, அவற்றின் சொந்தபந்தங்கள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காபரேற்றர் இல்லை. பம்ப் பெற்றோல் ராங்குக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும். அது தள்ளுகிற பெற்றோல் பில்ரரைத் தாண்டி இஞ்செக்டர்களுக்கு வரும். கொறொல்லா 110 இன் பெற்றோல் எஞ்சினில், றெகுலேற்றரின் வெற்றிடக் குழாயைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் 38 இலிருந்து 44 றாத்தல் வரை இருக்கவேண்டும். குழாயை மாட்டி எஞ்சினைச் சும்மா ஓடவிட்டால் முப்பத்துச் சொச்சத்துக்கு இறங்கவேண்டும். நிற்பாட்டி ஐந்து நிமிடம் கழிந்தபிறகும் 21 றாத்தலுக்குக் குறையக்கூடாது. இந்த எண்களில் ஒன்றும் காதுக்குக் கேட்காது. நாற்பது றாத்தல் தருகிற பம்பும் இருபத்தைந்து தருகிற பம்பும் பின்சீற்றுக்கு அடியில் ஒரே மாதிரித்தான் ‘ங்’ என்று முனகும்.

இது எனக்குத் தெரிந்தேயிருந்தது. தெரிந்துகொண்டே பின்சீற்றைத் தூக்கி, கண்ணை மூடி, காதை வைத்தேன். பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு அது பெரிய வித்தை. பிறசர் பாராமல் குளிசை எழுதிக் கொடுக்கிற டொக்டரை யாரும் நம்பமாட்டார்கள். என்னை நம்பினார்கள்.

அதைவிட மோசம், பம்ப் மாற்றிய கார்கள் பல உண்மையாகவே ஓடின. இன்றைக்கு யோசித்தால் காரணம் புரிகிறது. பம்பைக் கழற்றும்போது அதன் அடியிலுள்ள வலைப்பையில் அடைத்திருந்த துருவையும் சேற்றையும் கழுவுவேன். 2022 தட்டுப்பாட்டில் கிடைத்த கான்களில் எல்லாம் பெற்றோலைச் சேர்த்துவைத்து ஊற்றிய பிறகு இந்த அழுக்கு இரட்டிப்பாய் வந்தது. பிளக்கைக் கழற்றி மாட்டும்போது அதன் ஊசிகளில் பிடித்த பச்சைக் களிம்பும் உரசிப் போகும். காரைச் சுகப்படுத்தியது அந்தக் கழுவலும் உரசலும். காசு வாங்கியது பம்புக்கு.

மானியை ஏன் செய்யவில்லை? பாகங்கள் விற்கிற கடையிலிருந்து ஒவ்வொரு பம்புக்கும் எனக்கு ஏதோ கிடைத்தது. அது ஒரு காரணம், மறைக்கவில்லை. ஆனால் காசு மட்டுமென்றால் எனக்கே இவ்வளவு வெட்கம் வந்திராது. மானியில் முள் இருக்கிறது, எண் இருக்கிறது. கார்க்காரரும் எட்டிப் பார்த்து வாசித்துவிடுவார். என் காதை யாரும் எட்டிப் பார்க்க முடியாது. வேலைக்கு நிற்கிற பெடியன் ஒருநாள், “அண்ணை, ஒரு கேஜும் ரீயும் வாங்கினா நாங்களே செய்யலாமெல்லே” என்றான். “உனக்கு என்ன தெரியும், போய் அந்த ரயரைக் கழற்று” என்றேன்.

பிறகு புங்குடுதீவிலிருந்து மாஸ்ரரின் கார் வந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர், பழைய கொறொல்லா 110. மனைவியை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வர அந்தக் கார்தான். 2020 இல் வாகன இறக்குமதியை நிற்பாட்டிய பிறகு பழைய கார்கூட ஆனைவிலையாயிருந்தது, வேறொன்று வாங்குகிற கதைக்கே இடமிருக்கவில்லை. வெயில் ஏறினால் இழுவை விழுகிறது, வழியிலுள்ள வாணர் பாலத்தில் நின்றே விடுகிறது என்றார். காதை வைத்தேன். பம்ப் போட்டுது. புதுப் பம்ப் போட்டேன். கொஞ்சநாள் ஓடி, அதே பாலத்தில் திரும்பவும் நின்றது. இரண்டு பக்கமும் கடல், நிழலுக்கு ஒரு பூவரசு இல்லை, காருக்குள் வருத்தக்கார மனிசி. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “இப்ப வாற பம்புகள் சரியில்லை மாஸ்ரர்.” இரண்டாவது பம்பையும் போட்டேன். அதற்கும் காசு வாங்கினேன். அதுவும் கைவிட்டபோது அவர் சத்தம் போடவில்லை. “தம்பி, குறை நினையாதையும். உந்தப் பிறசரை அளந்து பாக்க ஒரு சாமானும் இல்லையோ?” என்று மட்டும் கேட்டார். “அது கொழும்பிலதான் மாஸ்ரர்” என்று பொய் சொல்லி அனுப்பிவைத்தேன். அன்று பின்னேரமே பஸ் ஏறி ரவுணுக்குப் போய் மானி வாங்கினேன்.

காற்றுக் கொம்பிறசருக்குப் போடுகிற 0–100 றாத்தல் மானி. நாற்பது நடுவுக்குக் கிட்ட விழுந்தால்தான் முள் ஒழுங்காகப் பேசும். முந்நூறு வரை போகிற மானியில் நாற்பதைச் சரியாக வாசிக்கேலாது. ஒரு பித்தளை ரீ, குழாய் மாட்டும் முனைகள், கிளிப்கள். அவசரத்தில் குழாய்க்கு, மேசன்மார் தண்ணீர் மட்டம் பார்க்கிற கண்ணாடிப் பிளாஸ்ரிக் ரியூப்பை வெட்டிப் போட்டேன். அதுதான் இந்தக் கதையிலேயே பெரிய மடைத்தனம். கராஜில் நின்ற ஒரு கொறொல்லாவில் மாட்டினேன். அதன் கண்டறியும் பெட்டியில் +பி, எஃப்பி இரண்டையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்துச் சாவியைத் திருப்பினால் எஞ்சின் ஓடாமலே பம்ப் ஓடும். திருப்பினேன். முள் முப்பதைத் தாண்டவில்லை, ரியூப் முனையிலிருந்து நழுவிப் பெற்றோல் பொனெற் முழுக்கச் சீறியது. மானியைப் பிடித்துக்கொண்டு நின்றது அந்தப் பெடியன். அவன் சேட்டெல்லாம் பெற்றோல். எஞ்சின் குளிர்ந்திருந்ததால் தப்பினோம், புகைக்குழாய் சூடாயிருந்தால் இந்த வாக்குமூலத்தைப் பொலிஸ் எழுதியிருக்கும். அவனுடைய தாயிடம் போய் நான் இதைச் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை.

இரண்டாம் முறை ஒழுங்காகச் செய்தேன். குழாயில் எஸ்ஏஈ 30ஆர்9 என்று அச்சடித்த, இஞ்செக்ஷன் அமுக்கம் தாங்குகிற றப்பர். பல்லுக் கிளிப் குழாயை அரித்துவிடும் என்பதால் விளிம்பு மழுங்கிய கிளிப். பில்ரரின் மேலேயுள்ள துளைபோல்டில் மாட்ட ஒரு வளையம், இரண்டு பக்கமும் புதுச் செம்பு வாஷர். கழற்ற முன்னம் பம்ப் பிளக்கை எடுத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டு, அது தானாக நிற்கும்வரை குழாயிலுள்ள அமுக்கத்தை இறக்கவேண்டும். பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்றவேண்டும். வேலையெல்லாம் வெளியே, மண்வாளி பக்கத்தில். எல்லாவற்றையும் பூட்டி, சிந்தியதைத் துடைத்த பிறகுதான் பற்றரி. பம்பை ஓடவிட்டு ஒழுக்கு இல்லை என்று பார்த்த பிறகுதான் எஞ்சின்.

மாஸ்ரரைத் திரும்பவும் வரச்சொன்னேன். அவருடைய காரில் முள் 26 இல் நின்றது. அவரும் குனிந்து பார்த்தார். “எவ்வளவு இருக்கவேணும்?” என்றார். சொன்னேன். வாய் உலர்ந்திருந்தது.

திரும்பிப் போகிற குழாயைத் துணி சுற்றிக் குறட்டால் மெல்ல நெரித்தேன். றெகுலேற்றர் பழுதென்றால் முள் துள்ளி ஏறும். ஏறவில்லை, ஒன்றிரண்டு றாத்தல்தான் அசைந்தது. அப்படியென்றால் பம்ப் பக்கத்திலிருந்தே வரத்துக் குறைவு. பழைய நான் என்றால் மூன்றாவது பம்ப் எடுத்திருப்பேன். ஆனால் போட்டது புதுப் பம்ப். பின்சீற்றைத் தூக்கி, பம்ப் ஓடும்போதே அதன் பிளக்கில் வோல்ற் பார்த்தேன். பற்றரியில் 12 க்கு மேல், பம்பில் 9. கறுத்த வயரைப் பிடித்துக்கொண்டு போனால் அது பொடியில் பூட்டியிருக்கிற இடத்தில் போல்டே தெரியாத அளவுக்குப் பச்சைக் களிம்பு. கச்சான் காற்றுக் காலத்தில் இந்தப் பாலங்களில் உப்புத் தூவானத்துக்குள்ளால் ஓடுகிற கார்களுக்கு வருகிற நோய் அது. உப்பு எர்த்தைத் தின்றால் பம்புக்கு மின்சாரம் போதாது, வெயிலில் வயர் சூடேற இன்னும் குறையும். களிம்பைச் சுரண்டி, இரும்பு மினுங்கத் தேய்த்து, புதிதாய் ஒரு எர்த் வயர் இழுத்துப் பூட்டினேன். முள் 41 க்குப் போய் அசையாமல் நின்றது. ஆன செலவு ஒரு முழம் வயரும் ஒரு போல்டும்.

கராஜின் மூலையில் கழற்றிப்போட்ட பழைய பம்புகள் ஒரு பெட்டியில் கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாக மண்ணெண்ணெய் வாளிக்குள் வைத்து, பற்றரி கொடுத்து, அதே மானியில் பார்த்தேன். பாதிக்கு மேல் முழு அமுக்கம் தந்தன. மாஸ்ரரின் முதல் பம்பும் அதற்குள் இருந்தது. அதுவும் தந்தது.

இரண்டாவது பம்பின் காசை மாஸ்ரரிடம் திருப்பிக் கொடுத்தேன். முதலாவதைக் கொடுக்கவில்லை, கொடுக்கவேண்டும் என்று தெரிந்துகொண்டே. மற்றவர்களுக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை. சிலர் இப்போதும் என்னிடம்தான் கார் விடுகிறார்கள், நல்ல மெக்கானிக் என்று இன்னும் நாலுபேரை அனுப்பியும் வைக்கிறார்கள். அவர்கள் பெயர்களெல்லாம் எனக்கு ஞாபகமிருக்கிறது. கடைக் கொமிசனை நிற்பாட்டிவிட்டேன். அதைச் சொல்லிப் பெருமைப்பட எனக்கு உரிமையில்லை.

ஆகவே பழைய இஞ்செக்ஷன் கார் வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பம்ப் போட்டுது என்று யார் சொன்னாலும், மானியை மாட்டி முள்ளைக் காட்டச் சொல்லுங்கள். முள் குறைவாக நின்றால் பம்ப் பிளக்கில் வோல்ற் எவ்வளவு என்று கேளுங்கள். கழற்றிய பம்பை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். நீங்களே மானி செய்வதென்றால் தண்ணீர் ரியூப்பைத் தொடாதேயுங்கள், பக்கத்தில் பிள்ளைகளை நிறுத்தாதேயுங்கள். என் கராஜுக்கு வந்தாலும் இதையேதான் செய்யவேண்டும்.