மகளின் ஒற்றைச் சப்பாத்து



எங்கள் வீட்டு வாசலில் இருக்கும் தட்டில் ஒற்றைச் சப்பாத்து ஒன்று இருக்கிறது. அது மகளின் இடது காலுக்குரியது. வீட்டுக்கு வருகிறவர்கள், "மற்றது எங்கே மௌலவி?" என்று கேட்பார்கள். "தியலுமவில் விழுந்து விட்டது" என்பேன். அவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரித்து வைப்பேன். ஆனால், அந்தச் சப்பாத்தின் முழுக் கதையை நான் இதுவரை எவருக்கும் சொன்னதில்லை. அதில் என் பிழை இருக்கிறது. ஆகவேதான் இத்தனை காலமும் சொல்லாமல் இருந்தேன். ஆகவேதான் இன்று உங்களுக்குச் சொல்லவும் வந்திருக்கிறேன்.

நான் கிழக்குக் கரையைச் சேர்ந்தவன். கடலும் களப்பும் வயலும் சூழ்ந்த ஊரில் பிறந்து, ஏழு வயதிலேயே நீந்தப் பழகியவன். என் மனைவியோ ஹல்துமுல்லைப் பக்கத்து மலைநாட்டுப் பெண். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய வழியாக மட்டக்களப்புக்குப் போகும் நெடுஞ்சாலைதான் அவருடைய ஊரையும் எங்கள் பகுதியையும் இணைக்கிறது. அந்த நெடுஞ்சாலையில் கொஸ்லந்தைக்கும் வெல்லவாயவுக்கும் இடையில் தியலும நீர்வீழ்ச்சி இருக்கிறது. உயரம் 220 மீட்டர். நமது நாட்டில் அதைவிட உயரமானது 263 மீட்டர் உயரமுள்ள பம்பரகந்த மட்டுமே. மாமியார் வீட்டுக்குப் போகும்போதும் வரும்போதும் வேனை நிறுத்தி, கீழே நின்று அண்ணாந்து பார்த்து விட்டுப் போவது எங்கள் வழக்கம்.

2018 ஒக்டோபரில் ஒரு போயா விடுமுறையின்போது, "இந்தத் தரம் மேலே ஏறிப் பார்ப்போம் வாப்பா" என்று பிள்ளைகள் இருவரும் பிடிவாதம் பிடித்தார்கள். அப்போது மகளுக்கு வயது 13, மகனுக்கு 10. மனைவியின் தம்பியும் சேர்ந்து கொண்டார். கீழ்ப் பாதையால் ஏறி, மேலே உள்ள தடாகங்களைப் பார்த்து, அங்கே ஓயாவைத் தாண்டி, மறுகரையால் ஊர்ப் பாதைக்கு வந்து, முச்சக்கர வண்டியில் ஏறிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்புவது என்று திட்டம் போட்டேன். போட்டவன் நான். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

காலை ஏழரை மணிக்கு ஏறத் தொடங்கினோம். இறப்பர் மரங்களுக்கிடையே பாதை செங்குத்தாக எழுகிறது. வேர்களைப் பிடித்து ஏற வேண்டிய இடங்களும் உண்டு. இறப்பர் முடிந்ததும் ஆளுயர மானாப் புல் தொடங்குகிறது. அதன் ஓரம் கையைக் கீறும். கீழே நிற்கும்போது மெல்லிய வெள்ளைத் துணிபோலத் தெரிந்த அருவி, பக்கத்தில் போனதும் இரைகிறது.

ஏறும் வழியில் மனைவி பிள்ளைகளுக்கு ஒரு கதை சொன்னார். வைத்தியரும் எழுத்தாளருமான ஆர்.எல். ஸ்பிட்டல் எழுதி வைத்த நாட்டுக் கதை அது. மலைக்கு நாடு கடத்தப்பட்ட இளந்தலைவன் ஒருவனிடம் போகத் துடித்தாள் அவனுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண். கணவாய்கள் எல்லாவற்றிலும் காவல். எனவே அவன் கொடிகளைத் திரித்துக் கயிறாக்கி மலை விளிம்பிலிருந்து கீழே விட்டு, அவளை மேலே இழுத்தான். இழுக்கும்போதே அவள் பாறையில் மோதி இறந்து போனாள். அந்தத் துயரத்தை மறைக்கவே மலையிலிருந்து நீர் பெருகியதாம். "இழுத்தவன் பார்த்து இழுத்திருக்கலாமே!" என்றாள் மகள். நாங்கள் சிரித்துக்கொண்டு ஏறினோம்.

ஒன்பதரை மணியளவில் மேலே சேர்ந்தோம். சுப்ஹானல்லாஹ்! பாறையில் குடைந்த தொட்டிகள்போல ஒன்றன்கீழ் ஒன்றாகத் தடாகங்கள். பூனாகலைப் பக்கமிருந்து வரும் ஓயா அவற்றை நிரப்பி, நிரப்பி, கடைசியில் விளிம்பால் கீழே பாய்கிறது. நாங்கள் தாண்ட வேண்டிய இடத்தை அப்போதே பார்த்து வைத்தேன். இருபது அடி அகலம் இருக்கும். நடுவே ஆறேழு கற்கள் தலைகாட்டிக் கொண்டிருந்தன. ஊர்ப் பையன்கள் இருவர் அவற்றில் தாவி அக்கரைக்குப் போனார்கள். "இது ஒரு விஷயமா?" என்று நினைத்தேன்.

குளிர்ந்த நீரில் கால் நனைத்தோம். கொண்டுபோன சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டோம். லுஹருக்கு வுழூச் செய்தபோது தண்ணீர் தெளிவாக இருந்தது, அடியிலுள்ள மணலை எண்ணலாம்போல. தட்டைப் பாறை ஒன்றில் தொழுது விட்டு எழும்பியபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. தலைக்கு மேலே நீல வானம். ஆனால், பூனாகலை மலைகளின் பக்கம் கறுத்திருந்தது. ஒரு தரம் இடி உருண்டு ஓய்ந்தது.

மனைவி ஓயாவின் ஓரத்தில் குந்தியிருந்து தண்ணீரையே பார்த்தார்.

"இங்க பாருங்க, தண்ணி கலங்கி வருது. எலையும் சருகும் வருது. மேல மழை. வந்த வழியாலயே எறங்குவோம்."

நான் போய்ப் பார்த்தேன். தண்ணீர் இலேசான தேயிலைச் சாய நிறத்தில் இருந்தது. கற்களின் தலை மறைந்திருந்தது. ஆனாலும் ஆழம் முழங்காலுக்குக் கீழேதான். ஏறி வந்த செங்குத்தை நினைத்தேன். எனக்கு முழங்கால் வலி. அக்கரைக்குப் போனால் நல்ல பாதை.

"நான் கடல்ல நீந்தினவன். இந்த முழங்கால் தண்ணிக்குப் பயமா?" என்றேன்.

அவர் மறுபேச்சுப் பேசவில்லை.

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். முதலாவது அடி சரி. இரண்டாவது அடியும் சரி. மூன்றாவது அடியில் பாறையின் பாசி வழுக்கியது. இருவரும் ஒன்றாக விழுந்தோம். தண்ணீர் எங்களைத் தூக்கவில்லை சகோதரிகளே, தள்ளியது. பாறைமேல் உட்கார்ந்தபடியே நாங்கள் சறுக்கிப் போனோம். கையால் பிடிக்க எதுவும் இல்லை. நீந்தத் தெரிந்தது எந்தப் பயனும் தரவில்லை, நீந்துவதற்கு ஆழம் வேண்டுமல்லவா? ஏழெட்டு அடி போயிருப்போம். துருத்திக் கொண்டிருந்த ஒரு கல்லில் என் விலா மோதியது. மகள் என்மேல் மோதி நின்றாள். மச்சினன் வயிற்றுப்புறமாகப் படுத்து, கம்பு ஒன்றை நீட்டினார். மனைவி அவருடைய கால்களைப் பிடித்துக் கொண்டார். முதலில் மகள், பிறகு நான்.

மகளின் வலது காலில் சப்பாத்து இல்லை. அது தடாகம் தடாகமாக மிதந்து, விளிம்புப் பக்கம் போய் மறைந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அதன் பிறகு 220 மீட்டர் வெறும் வெளி. எவரும் பேசவில்லை.

கால் மணி நேரம் கழிந்திருக்காது. எங்களைத் தடுத்து நிறுத்திய அந்தக் கல்லும் தண்ணீருக்குள் மறைந்து விட்டது. எங்கள் தலையில் ஒரு துளி மழைகூட விழவில்லை.

வந்த வழியாலேயே இறங்கினோம். மனைவி முன்னால் நடந்தார். மகளின் காலைத் தன் சால்வையைக் கிழித்துச் சுற்றியிருந்தார். ஏற இரண்டு மணி நேரம் எடுத்த பாதையில் இறங்க மூன்று மணி நேரம் ஆனது. அந்த மூன்று மணி நேரத்தில் அவர் ஒரு தரமாவது "நான் சொன்னேன்தானே" என்று சொல்லவில்லை.

அன்றிரவு மாமியிடம், "கால் வழுக்கிப் போச்சு" என்று சுருக்கமாகச் சொன்னேன். மகள் சோற்றுப் பீங்கானிலிருந்து தலையைத் தூக்கி, "உம்மா வேணாம் எண்டாங்க. வாப்பாதான் கேக்கல்ல" என்றாள். வீடே அமைதியாகி விட்டது. மாமி எனக்குக் கறியைப் போட்டபடி, "மகன், ஓயாத் தண்ணிக்கு மௌலவியும் தெரியாது, மொதலாளியும் தெரியாது" என்றார்.

பிறகு விவரம் கேட்டபோதுதான் தெரிந்தது. மனைவி சிறு வயதில் ஓயா ஒன்றைத் தாண்டித்தான் பாடசாலைக்குப் போய் வந்திருக்கிறார். "கல்லு தலைகாட்டினாப் போ, தலை மறைஞ்சா நில்லு" என்பது மாமி பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். அதுமட்டுமல்ல, 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயன் வீடுகளை மூடியதே, அந்த மழைக் காலத்தை அவர்கள் மறந்தவர்கள் அல்லர். மழை வரும்போது மலையையும் ஓயாவையும் கவனிப்பது அவர்களுக்குப் பழகிப் போன ஒன்று. பதினைந்து வருடம் ஒன்றாக வாழ்ந்தும் நான் அதைக் கேட்டு அறிந்திருக்கவில்லை.

எங்கள் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியர் இன்னொன்று விளக்கினார். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகுமாம். அதனால்தான் முழங்கால் அளவு தண்ணீரே ஆளை வீழ்த்துகிறது. களப்பில் நின்று பழகிய எனக்கு ஆழம்தான் பயமாக இருந்தது, வேகம் பயமாக இருக்கவில்லை.

2020 பெப்ரவரியில், மழையில்லாத நாளொன்றில், மீண்டும் போனோம். இம்முறை திட்டம் போட்டவர் மனைவி. விடியற்காலையில் புறப்பட்டோம், நடுப்பகலுக்கு முன்னர் ஓயாவைத் தாண்டி விட வேண்டும் என்பதற்காக. நான் அன்று தெரிந்தெடுத்த இடத்தை அவர் பார்க்கவே இல்லை. தடாகத்துக்கும் விளிம்புக்கும் மேலாக எவரும் தாண்டக் கூடாது என்றார். மேலே வெகு தூரம் நடந்து, ஓயா அகன்று பரந்து ஓடும் இடத்துக்குக் கூட்டிப் போனார். "ஒடுங்கின எடத்துல தண்ணி ஓடும், அகண்ட எடத்துல நடக்கும்" என்றார். எல்லோரும் கம்பு ஊன்றி, தண்ணீர் வரும் திசையைப் பார்த்தபடி, பக்கவாட்டில் ஒவ்வோர் அடியாக வைத்தோம். கம்பும் ஒரு காலும் உறுதியாக நின்ற பிறகே மற்றக் காலைத் தூக்கினோம். முதுகுப் பையின் கொளுவிகளைக் கழற்றி வைத்திருந்தோம், விழுந்தால் பை இழுத்துப் போகாமல் இருக்க. மனைவியும் மகளும் நீண்ட அபாயாவுக்குப் பதிலாகத் தளர்வான சல்வார் அணிந்திருந்தார்கள். நீண்ட துணியைத் தண்ணீர் பாய்மரம்போல இழுக்கும். கணுக்கால் அளவு நீரில், ஐந்து நிமிடத்தில் அக்கரை சேர்ந்தோம். சுற்றுப் பாதை அன்றுதான் பூர்த்தியானது. அல்ஹம்துலில்லாஹ்.

அக்கரையில் தேநீர் குடிக்கும்போது மனைவி சொன்ன ஒரு வார்த்தைக்காகவே இதை எழுதுகிறேன். "அண்டைக்கு நான் ரெண்டாந்தரம் சொல்லல்ல. அது என்ட பிழை" என்றார்.

இல்லை சகோதரிகளே, அது அவருடைய பிழையல்ல. கலந்தாலோசிப்பதன் சிறப்பை வகுப்பில் பாடமாக நடத்துகிறவன் நான். ஆனால், வீட்டில் ஒரு தரம் சொன்னதை மறு தரம் சொல்வதற்குத் தயங்கும்படி அவரைப் பழக்கி வைத்தவனும் நானே. கதையில் கயிறு இழுத்தவனும் அன்பில்லாதவன் அல்லனே! நானும் மகளின் கையைப் பாசத்தோடுதான் பிடித்திருந்தேன்.

ஆகவே, உங்கள் வீட்டில் இதை வாசிக்கும் ஆண்கள் இருந்தால் அவர்களுக்குச் சொல்லுங்கள்: பாதை தெரிந்தவர் யாரோ அவர் முன்னால் நடக்கட்டும். உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். தண்ணீர் கலங்கி வருவது உங்கள் கண்ணில் பட்டால், ஒரு தரம் சொல்லி விட்டு மௌனமாகி விடாதீர்கள். மறுபடியும் சொல்லுங்கள். அதற்கும் கேட்காவிட்டால், பிள்ளையின் மற்றக் கையை நீங்கள் பிடித்துக்கொண்டு கரையிலேயே நின்று விடுங்கள்.