ட்ரோனுக்கு ஒரு முழுக்கு!

சென்னையிலிருந்து செங்கல்பட்டுக்கு எலெக்ட்ரிக் ட்ரெயினில் போயிருக்கிறீர்களா? ஸ்டேஷன் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஜன்னலோரம் திடீரென்று தண்ணீர் விரியும். கொளவாய் ஏரி. அதுவரை செல்போனுக்குள் தலையை விட்டிருந்த ஆபீஸ் ஜனங்கள்கூட ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்ப்பார்கள். 'இதை மேலேயிருந்து பார்த்தால் எப்படி இருக்கும்!' என்று பெட்டியில் ஒருத்தருக்காவது தோன்றும். முன்பெல்லாம் தோன்றுவதோடு சரி. இப்போதோ, தோன்றியவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பையிலிருந்து நாலு விசிறி வைத்த ஒரு ப்ளாஸ்டிக் தும்பியை வெளியே எடுத்துவிடுகிறார். வினை அங்கேதான் ஆரம்பம்.

ட்ரோன் வாங்கியவர்களுக்குத் தண்ணீரைக் கண்டால் கை சும்மா இருக்காது. ட்ரோனுக்கோ தண்ணீரைக் கண்டாலே ஆகாது. இது ஜாதகப் பொருத்தமில்லாத கல்யாணம்.

காரணம் ரொம்ப சிம்பிள். ட்ரோனின் வயிற்றில் ஒரு குட்டிக் கேமரா இருக்கும். தாழ்வாகப் பறக்கும்போது அது கீழே தெரியும் கல், புல், கோடு, குப்பைகளை அடையாளம் வைத்துக்கொண்டுதான் 'நாம் நகராமல் நிற்கிறோம்' என்று நம்பிக்கொண்டிருக்கிறது. கீழே தரைக்குப் பதில் தண்ணீர் வந்தால்? அலை நகர்கிறது. ட்ரோனோ, 'ஐயையோ, நான் அல்லவா நகர்கிறேன்' என்று நினைத்துக்கொண்டு அலையோடு கூடவே கிளம்பிவிடும். உயரத்தை அளக்கும் சென்ஸாருக்கும் இதே தலைவலி. தண்ணீர் பளபளக்கிறது, அனுப்பிய கதிர் ஒழுங்காகத் திரும்பி வருவதில்லை. இரண்டு மீட்டர் உயரத்தில் ஸ்டைலாகப் போய்க்கொண்டிருந்தது, சத்தமில்லாமல் இறங்கி, 'ப்ளக்'! உயரே போய்விட்டால் ஜி.பி.எஸ். காப்பாற்றும். ஆனால் சினிமாவில் பார்த்த அந்த நீரை உரசுகிற ஷாட் வேண்டுமே நமக்கு! வாங்கும்போது கூட வரும் புத்தகத்தில் இதையெல்லாம் தெளிவாகவே போட்டிருக்கிறார்கள். அந்தப் புத்தகத்தைப் பிரித்தவர் யாரையும் இதுவரை நான் சந்திக்கவில்லை.

செங்கல்பட்டிலிருந்து மகாபலிபுரம் போகிற பஸ், திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும். இறங்கிப் பாருங்கள். பறக்கிற சாதனங்களைப் பற்றிப் பேசும்போது அந்த மலையை விட்டுவிட்டுப் போவது மரியாதையில்லை. தினமும் உச்சிப்பொழுதில் இரண்டு கழுகுகள் வந்து அர்ச்சகர் கையால் சாப்பிட்டுவிட்டுப் போன மலை. காலையில் கங்கையில் குளியல், மதியம் இங்கே சாப்பாடு, ராத்திரி வேறு க்ஷேத்திரத்தில் தூக்கம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பாட்டரி மாற்றாமல் எவ்வளவு தூரம், யோசித்துப் பாருங்கள்! அந்த வரவு 1990-களின் கடைசியில் நின்றுபோனது. உச்சிப்பொழுதில் மலையேறுகிற சில வயசாளிகள் இன்னும் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறார்கள்.

மகாபலிபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே ட்ரோன் ஆசாமிகளுக்குக் கை பரபரக்கும். அடக்கிக்கொள்வது நல்லது. தொல்பொருள் துறை பாதுகாக்கிற சின்னங்களை அனுமதியில்லாமல் ட்ரோனில் படம் பிடிக்கக் கூடாது. கடற்கரைக் கோயில் 1984-ல் இருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிற சமாசாரம். தெற்கே கொஞ்ச தூரத்திலேயே கல்பாக்கம் அணுமின் நிலையம். அந்தப் பக்கம் மூக்கை நீட்டினால் போலீஸ் வந்து மரியாதையாக விசாரிக்கும் என்று சொல்ல முடியாது. 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளின்படி, 250 கிராமுக்கு மேற்படாதது 'நானோ'. இரண்டு கிலோ வரை 'மைக்ரோ'. பொழுதுபோக்குக்குப் பறக்கவிட இந்த இரண்டுக்கும் பைலட் லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் எங்கே பறக்கலாம் என்பதற்கு அரசாங்கமே பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மேப் போட்டு வைத்திருக்கிறது. பச்சையில் 400 அடி வரை போகலாம். சிவப்பில் நினைத்துப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அதனால் என்ன, ட்ரோனைப் பையிலேயே வைத்துக்கொண்டு அர்ச்சுனன் தபசுக்கு முன்னால் நில்லுங்கள். (தவம் செய்வது அர்ச்சுனனா, பகீரதனா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.) அந்தப் பாறை முழுக்கப் பறக்கிறார்கள். தேவர்களும் கந்தர்வர்களும் ஜோடி ஜோடியாக, இறக்கைகூட இல்லாமல், காலை லேசாக மடக்கிக்கொண்டு! 1,300 வருஷத்துக்கு மேலாக ஒரு ஆள்கூடக் கீழே விழவில்லை. பல்லவர் காலத்து ஏரோநாட்டிக்ஸ் கொஞ்சம் ஸ்ட்ராங்.

எங்கள் ஆபீஸில் எனக்கு இரண்டு மேஜை தள்ளி உட்காரும் நண்பர் இதையெல்லாம் ரசிக்கிற மூடில் இல்லை. தீபாவளி போனஸைப் போட்டு வாங்கிய ட்ரோன். வீட்டில் விலை ஆறாயிரம் என்று சொல்லியிருந்தார். நிஜ விலையை எனக்கே காதோடுதான் சொன்னார். மேப்பில் பச்சை காட்டிய ஒரு மீனவக் குப்பத்துக் கரையாகப் பார்த்து, விடியற்காலையில் என்னையும் கிளப்பிக்கொண்டு போனார். சூரியோதயத்தைக் கடலுக்கு மேலேயிருந்து எடுக்கவேண்டுமாம்.

வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்களையும் அந்தத் தும்பியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது எம்மா நேரம் பறக்கும் சார்?"

"அரை மணி நேரம் ஐயா."

"மேல்காத்து அடிக்குது. போவசொல்ல ஜோரா பூடும். திரும்பறதுதான் கஷ்டம். வெயில் ஏறட்டும், கடல்காத்து எழும்பும். அப்ப வுடு, அதுவே கரைக்கு வந்துடும்."

எவ்வளவு பெரிய விஷயம் பாருங்கள்! ராத்திரி முழுக்கத் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது, கடல் குளிருவதில்லை. அதனால் விடிகாலையில் காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும். கட்டுமரத்துக்காரர்கள் இதை வைத்துத்தான் தலைமுறை தலைமுறையாகத் தொழிலுக்குப் போனார்கள். மதியத்தில் தரை சூடேறியதும் காற்று திசை மாறி, கடலிலிருந்து கரைக்கு. ஆகவே காலையில் கடலுக்குப் போகிற ட்ரோனுக்குப் போகும்போது ஓசி சவாரி, வரும்போது எதிர்க்காற்று. போவதற்கு ஆன பாட்டரியைப்போல இரண்டு மடங்கு வருவதற்குச் செலவாகும். பாட்டரி சுத்தமாக இறங்கிவிட்டால் இந்த யந்திரம் யாரையும் கேட்காது. இருக்கிற இடத்திலேயே பத்திரமாகத் தரையிறங்க முயற்சி செய்யும். அந்த இடத்தில் தரை இருக்கிறதா என்பது அதன் கவலை இல்லை.

நண்பர் பெரியவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பட்டனை அழுத்தினார்.

முதல் எட்டு நிமிஷம் அற்புதம். தங்கத் தகடு மாதிரி கடல், அதில் எறும்பு மாதிரி ஃபைபர் போட்டுகள். அப்புறம் ரிமோட் கீச்சுக்கீச்சென்று கத்த ஆரம்பித்தது. திரும்பச் சொன்னார், திரும்பியது. ஆனால் நகரவில்லை. நடுவானில் சைக்கிள் மிதித்துக்கொண்டு நிற்கிற மாதிரி நின்றது. திரையில் பாட்டரி எண் 30, 22, 15 என்று இறங்க, நண்பரின் முகமும் அதே ரேட்டில் இறங்கியது. கடைசியாக வந்த படத்தில் ஒரு அலை மிக அருகில், ரொம்ப அழகாக இருந்தது. அதற்குப் பிறகு திரை கறுப்பு.

பெரியவர் தலை நிமிரவே இல்லை. "எந்த நேருக்கு வுழுந்துச்சு?" என்று மட்டும் கேட்டுக்கொண்டார். கரையில் தெரிந்த ஒரு கோயில் கோபுரத்தையும் ஒரு பனையையும் நேர்க்கோட்டில் வைத்து மனசுக்குள் குறித்துக்கொண்டார். "வலையில வந்தா சொல்றேன். போன் நம்பர் குடு."

நண்பரை ஆறுதல்படுத்த நான் கையிலெடுத்தது நம் கடற்படையை. 18.9.2024 அன்று இதே வங்கக் கடலில், சென்னைக்கு அப்பால், கடற்படையின் ஸீ கார்டியன் ட்ரோன் ஒன்று இறங்கிப்போனது. நண்பருடையது உள்ளங்கையில் அடங்கும். அதன் இறக்கை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு 24 மீட்டர்! அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்திலிருந்து கண்காணிப்புக்குக் கிளம்பியது. 2020-ல் அமெரிக்கக் கம்பெனியிடம் குத்தகைக்கு எடுத்த இரண்டில் ஒன்று. வானத்தில் தொழில்நுட்பக் கோளாறு, சரிசெய்ய முடியவில்லை. ஆள் இல்லாத பக்கமாகக் கடலுக்கு மேலே ஓட்டிப்போய், வேண்டுமென்றே தண்ணீரில் இறக்கினார்கள். ஊருக்குள் விழுவதைவிடக் கடலில் விழுவது மேல் என்ற தீர்மானம். அடுத்த மாதமே இந்த ரகத்தில் 31 வாங்க, சுமார் 32,000 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டார்கள்.

"அவங்களுக்கு யார் வீட்டில் கணக்குக் கேட்கப்போறா?" என்றார் நண்பர். நியாயம்தான்.

திரும்பி வரும்போது இருவரும் அதிகம் பேசவில்லை. இந்தக் கடலுக்கு மேலே போய்த் திரும்பாதவற்றைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தால், பேச்சு தானாக நின்றுவிடும். 22.7.2016 காலையில் தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து ஓர் ஏ.என்.-32 விமானம் போர்ட் பிளேருக்குக் கிளம்பியது. உள்ளே 29 பேர். நடுக்கடலுக்கு மேலே ரேடாரிலிருந்து மறைந்தது. கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடியும் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. ஏழரை வருஷம் அந்த 29 வீடுகளும் எப்படிக் காத்திருந்திருக்கும்! 2024 ஜனவரியில்தான் விடை வந்தது. பள்ளிக்கரணையில் இருக்கிற தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கி, சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தள்ளி, 3,400 மீட்டர் ஆழத்தில் எடுத்த படங்களில் சிதைவுகள் தெரிந்தன. அவை அந்த ஏ.என்.-32 உடையவைதான் என்று முடிவுக்கு வந்தார்கள். ஆளில்லாத யந்திரம் ஒன்று போய்த்தான் அவர்களைக் கண்டுபிடித்தது.

மகாபலிபுரத்துக் கடல் சில சமயம் தானாகவே காட்டிக்கொடுப்பதும் உண்டு. 26.12.2004 சுனாமி கரை மணலை அரித்துக்கொண்டு போனபோது, அதுவரை புதைந்து கிடந்த சிங்கச் சிற்பம் வெளியே வந்தது. நண்பர் விஷயத்தில் அவ்வளவு நாள் ஆகவில்லை. பதினோராம் நாள், ஆபீஸில் டீ டயத்தில் போன்.

"சார், உங்க ஹெலிகாப்டர் வலையில வந்துச்சு."

நண்பர் துள்ளிக் குதித்தார். உப்புத்தண்ணியில் ஊறிய ட்ரோனை அரிசி டப்பாவுக்குள் வைத்து வருத்தப்படுவதில் பிரயோஜனம் இல்லை என்பதும், பாட்டரியைச் சார்ஜில் போட்டால் தீப்பிடித்தாலும் பிடிக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். இருந்தாலும் உள்ளே இருக்கிற மெமரி கார்டு! அந்தக் கடைசி அலை!

"அது சரி சார், காத்தாடி மாட்டி வலை ரெண்டு எடத்துல கிழிஞ்சுபோச்சு. ஒருநாள் தொழிலும் பூடுச்சு. அதுக்கு இன்னா பண்ணலாம்?"

நண்பர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஞாயித்துக்கிழமை வரேன் ஐயா. வலைக்கு எவ்வளவு ஆகும்னு விசாரிச்சு வெச்சிடுங்க. முழுசா நானே குடுத்துடறேன்" என்றார்.

"காலைல வராத சார். மதியமா வா" என்றார் பெரியவர்.