அவர்கள் கடந்து போகட்டும்

2023ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு மாத காலம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் தங்கியிருக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. என் தங்கை தன் கணவருடனும் மகனுடனும் பாசடீனா நகருக்கு அருகில் வாழ்கிறாள். பயணச்சீட்டு எடுத்து அனுப்பியவளும் அவளே. ஆனால் ஊர் சுற்றிக் காட்டுவதற்காக மட்டும் அவள் என்னை வரவழைக்கவில்லை என்பது, போய்ச் சேர்ந்த மறுநாளே தெரிந்துவிட்டது.

"காக்கா, நீங்கதான் இவனுக்குப் புத்தி சொல்லணும். சாயங்காலம் ஆனா பூங்காவுக்குப் போயிடுறான். பிளாஸ்டிக் தட்டை வீசி ஏதோ விளையாட்டாம். இருட்டின பிறகுதான் வீடு. வாப்பாவும் மகனும் முகம் கொடுத்துப் பேசி மூணு மாசமாச்சு" என்று கண் கலங்கினாள்.

மருமகனுக்குப் பதினாறு வயது. மச்சான் இரவு பகல் பாராமல் உழைத்து முன்னுக்கு வந்தவர். மகன் படிப்பில் பின்தங்கிவிடுவானோ என்ற அச்சம் அவருக்கு. ஒருநாள் கோபத்தில் அந்தத் தட்டுகள் இருந்த பையைப் பறித்துக் காரின் டிக்கியில் பூட்டி வைத்திருக்கிறார். ஒரு வாரம் கழித்துத் தங்கையின் வற்புறுத்தலால் திருப்பிக் கொடுத்தார். பை திரும்பியது, பேச்சு திரும்பவில்லை.

இருபது ஆண்டுகளாக மதரஸாவில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி வருபவன் நான். கண்டிப்பானவன் என்ற பெயரும் எனக்கு உண்டு. ஆகவே பொழுதின் அருமை, பெற்றோரின் தியாகம், வீண் விளையாட்டின் கேடு என்று மனத்துக்குள் ஓர் உரையை ஆயத்தம் செய்துகொண்டேன். "உன் விளையாட்டை நானும் பார்க்க வருகிறேன்" என்று மருமகனிடம் சொன்னபோது, போகும் வழியில் உரையை முடித்துவிடலாம் என்பதே என் கணக்கு.

வறண்ட ஓடைக் கரையில்

அந்தப் பூங்காவுக்கு இன்று ஹஹமோங்னா என்று பெயர். அந்த மண்ணின் பழங்குடி மக்களின் மொழியிலிருந்து வந்த பெயர் அது. முன்னர் ஓக் குரோவ் பூங்கா என்று அழைத்திருக்கிறார்கள். வடக்கே சான் கேப்ரியல் மலைத்தொடர். பக்கத்திலேயே விண்கலங்களை வடிவமைக்கும் ஜெட் புரொபல்ஷன் ஆய்வுக்கூடம். பூங்காவை ஒட்டிச் செல்லும் ஓடைக்கு அரோயோ செக்கோ என்று பெயர். ஸ்பானிய மொழியில் வறண்ட ஓடை என்று பொருளாம். மணலும் கூழாங்கல்லும் புதருமாகக் கிடந்த அந்த ஓடையைப் பார்த்தபோது, ஆண்டின் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும் நம் பக்கத்து ஆறுகள்தாம் நினைவுக்கு வந்தன.

ஓக் மரங்களுக்கிடையே ஆங்காங்கே இரும்புக் கம்பங்கள். ஒவ்வொரு கம்பத்தின் உச்சியிலும் ஒரு வளையம். வளையத்திலிருந்து தொங்கும் சங்கிலிகள். அவற்றின் கீழே ஒரு கம்பிக் கூடை. குறித்த இடத்தில் நின்று தட்டை எறிய வேண்டும். விழுந்த இடத்துக்கு நடந்து சென்று, அங்கிருந்து மீண்டும் எறிய வேண்டும். மிகக் குறைந்த எறிதல்களில் கூடைகள் அனைத்தையும் முடிப்பவரே வென்றவர். கோல்ஃபின் முறைதான், பந்துக்கும் மட்டைக்கும் பதிலாகத் தட்டும் கையும். ஆனால் கோல்ஃப் ஆடச் செல்வம் வேண்டும். டிஸ்க் கோல்ஃப் என்னும் இந்த ஆட்டத்துக்குப் பத்து அல்லது இருபது டாலரில் ஒரு தட்டு வாங்கினால் போதும். நுழைவுக் கட்டணம் இல்லை; சுற்றுவேலி இல்லை.

என் உரையைத் தொடங்க வாய் திறந்தேன். அதற்குள் அவன் தொடங்கிவிட்டான். "மாமா, இந்த விளையாட்டுக்கு உலகத்திலேயே முதல் நிரந்தர மைதானம் இதுதான், தெரியுமா?"

அவன் பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்ன வரலாறு இது: பறக்கும் தட்டை 1957ஆம் ஆண்டு முதல் வாம்-ஓ என்னும் நிறுவனம் விற்று வந்தது. அங்கே பணியாற்றிய எட் ஹெட்ரிக் என்பவர், தட்டின் மேற்புறத்தில் வட்ட வட்டமாக மெல்லிய வரிகள் அமைத்து அதை நிலையாகப் பறக்க வைத்தார். 1967இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். 1975இல் இந்தப் பூங்காவில் ஆட்டத்திடல் அமைந்தபோது, வெறும் கம்பங்களே இலக்குகளாக இருந்தன. தட்டு கம்பத்தில் பட்டதா, படவில்லையா என்று ஆடுவோரிடையே ஓயாத வழக்கு. அந்த வழக்கைத் தீர்க்க ஹெட்ரிக் தம் மகனுடன் சேர்ந்து முயன்று உருவாக்கியதுதான் இந்தச் சங்கிலிக் கூடை. அதற்கான காப்புரிமை 1977இல் கிடைத்தது. ஹெட்ரிக் 2002இல் மறைந்தார். இன்று உலகெங்கும் இத்தகைய திடல்கள் பத்தாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை இதுபோன்ற பொதுப் பூங்காக்களிலேயே அமைந்துள்ளன.

ஆண்டுகளைப் பிழையின்றி அடுக்கிய அந்தப் பிள்ளையைப் படிப்பில் கவனமற்றவன் என்று எப்படிச் சொல்வது? என் உரையின் முதல் பகுதி அங்கேயே உதிர்ந்துவிட்டது.

என் அவசரம்

விளையாட்டைப் பார்க்கத்தான் போனேன். ஆனால் ஒரு தட்டை என் கையில் கொடுத்து, "நீங்களும் ஒண்ணு எறிங்க மாமா" என்றான். அது கடற்கரையில் குழந்தைகள் வீசி விளையாடும் தட்டு அன்று. அதைவிடச் சிறியது, ஏறத்தாழ நூற்றெழுபது கிராம் எடை, விளிம்பு கூர்மையாக இருந்தது. அவன் எறிந்தால் நூறு மீட்டர் தொலைவைக் கடந்து போகிறது. யார்மீதாவது பட்டால் காயம் நிச்சயம்.

எங்களுக்கு முன்னே ஒரு முதிய தம்பதியர் நடைபாதையில் மெல்ல நடந்துகொண்டிருந்தனர். அந்தப் பெண்மணியின் கையில் ஊன்றுகோல். மருமகன் தட்டைத் தாழ்த்திக்கொண்டு நின்றான்.

"கொஞ்சம் பொறுங்க மாமா. அவங்க கடந்து போகட்டும்."

நின்றோம். அந்த அம்மையார் ஒரு மரத்தடியில் நின்று பறவையொன்றைக் கணவருக்குக் காட்டினார். இன்னும் நின்றோம். அவர்கள் இருந்தது எனக்கு இடப்பக்கம். கூடையோ நேர் எதிரே. நடுவில் எவ்வளவோ இடம் இருப்பதாக எனக்குத் தோன்றியது. வகுப்பறையில் மணியடித்துப் பழகிய கை, பொறுமை இழந்தது. எறிந்துவிட்டேன்.

தட்டு நேராகத்தான் போயிற்று. ஆனால் வலக்கையால் உடலின் குறுக்கே இழுத்து எறியும் தட்டு, வேகம் தணியும்போது தானாகவே இடப்பக்கம் சாய்ந்து இறங்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. மருமகன் அபயக்குரல் எழுப்பினான். முதியவர் மனைவியைத் தம்பக்கம் இழுத்தார். ஊன்றுகோலுக்கு ஒரு சாண் தள்ளித் தட்டு மண்ணில் குத்தி விழுந்தது.

என் கால்கள் நகர மறுத்தன. அவன் ஓடினான். முதியவர் உரத்த குரலில் கடிந்துகொண்டது தொலைவில் நின்ற எனக்குக் கேட்டது. அவன் தலை குனிந்து நின்று, தன் தவறு என்று கூறி மன்னிப்புக் கேட்டான். என் பக்கம் ஒருமுறைகூடக் கை நீட்டவில்லை. நான் தட்டுத்தடுமாறிச் சென்று, எறிந்தவன் நானே என்று ஒப்புக்கொண்ட பின்னரே முதியவரின் சினம் தணிந்தது. அந்த அம்மையார் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நடந்தார்.

"நான் செய்த பிழையை நீ ஏன் ஏற்றுக்கொண்டாய்?" என்று கேட்டேன்.

"தட்டை உங்க கையில கொடுத்தது நான்தானே மாமா" என்றான். சற்றுப் பொறுத்து, "இது பார்க். நடக்கிறவங்க, குதிரையில வர்றவங்க, சின்னப் பிள்ளைங்க எல்லாருக்கும் உள்ளது. அவங்க நமக்காக நிக்கணும்னு இல்ல. நாமதான் அவங்களுக்காக நிக்கணும். யாருக்காவது அடிபட்டா, கூடையெல்லாம் பிடுங்கிட்டுப் போயிடுவாங்க" என்றான்.

யாருக்கும் தீங்கு நேராது என்று உறுதியான பின்னரே எறிய வேண்டும் என்பது இந்த ஆட்டத்தின் எழுதப்பட்ட விதியாம். எந்தப் பிள்ளைக்குப் பொறுப்பைப் போதிக்கப் புறப்பட்டேனோ, அந்தப் பிள்ளையிடமே அன்று நான் பாடம் கேட்டேன். மிச்சமிருந்த உரையும் மறந்துபோயிற்று.

தட்டின் அடிப்புறம்

அதன் பிறகு நான் நாள்தோறும் அவனுடன் போனேன். எறிவதற்கு அன்று, நடப்பதற்கு. ஒருநாள் மாலை, ஓடைப் புதரில் யாரோ தவறவிட்ட தட்டு ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. அதன் அடிப்புறத்தில் அழியாத மையால் ஒரு பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதப்பட்டிருந்தன. ஆடுவோர் எல்லாரும் அப்படி எழுதி வைப்பார்களாம். கண்டெடுத்தவர் அழைத்துச் சொல்வது வழக்கமாம். அவன் உடனே அழைத்தான். உரியவர் வந்து சேர அரைமணி நேரம் ஆயிற்று. அதுவரை, அமானிதப் பொருளைப்போல் அந்தத் தட்டைத் தன் பையில் சேர்க்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

காத்திருந்த வேளையில் அவனுடைய தட்டுகளைத் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் அவன் பெயர். கீழே ஓர் எண். அந்த எண் எனக்குத் தெரிந்த எண். ஊரிலிருந்து எத்தனையோ முறை நான் அழைத்துப் பேசிய எண்.

"இது உன் வாப்பாவின் எண் அல்லவா?"

"ஆமா மாமா. என் நம்பர் மாறிடும். வாப்பா நம்பர் மாறாது" என்றான் இயல்பாக.

அன்றிரவு தங்கையின் முன்னிலையில் மச்சானிடம் அறிவுரை எதுவும் நான் சொல்லவில்லை. மருமகனிடம் கேட்டு வாங்கி வந்திருந்த ஒரு தட்டை மேசைமேல் கவிழ்த்து வைத்தேன். அவர் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியாத நம்பர்ல இருந்து ரெண்டு தடவை அழைப்பு வந்துச்சு. விளம்பரக்காரங்கன்னு நெனச்சு எடுக்கல" என்றார். பிறகு எழுந்து மகனின் அறைக்குப் போனார். கதவு சாத்தியிருந்தது. தட்டினார். அதற்குமேல் நாங்கள் எதையும் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது என்று தங்கையும் நானும் எழுந்துவிட்டோம்.

நான் புறப்படுவதற்கு முந்திய சனிக்கிழமை, மச்சானும் எங்களுடன் பூங்காவுக்கு வந்தார். எறியவில்லை. மகனின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடைக்குக் கூடை நடந்தார். சங்கிலி ஒலித்த ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்தார்.

பூட்டிய அலமாரி

அன்பு வாசகர்களே, நான் மறைத்து வைத்த ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். எனக்கும் ஒரு மகன் இருக்கிறான். அப்போது அவனுக்கு வயது பதினைந்து. பத்து வயதில் அவன் பாடம் படிக்காமல் தெருவில் ஆடினான் என்பதற்காக, அவனுடைய கிரிக்கெட் மட்டையைப் பிடுங்கி அலமாரியில் பூட்டினேன். அவன் ஒருமுறைகூட அதைத் திருப்பிக் கேட்கவில்லை. கேட்காததைப் பணிவு என்று நினைத்து ஐந்தாண்டுகள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அது பணிவு அன்று; என்னிடம் கேட்பதில் பயனில்லை என்று ஒரு பிள்ளை எடுத்த முடிவு.

ஊர் திரும்பியதும் அலமாரியைத் திறந்து மட்டையை எடுத்துக் கொடுத்தேன். கையில் வாங்கிப் பார்த்தான். அவன் வளர்ந்துவிட்டான், மட்டை சிறியதாகிவிட்டது. "பரவாயில்ல வாப்பா" என்று சொல்லி, அதைப் பக்கத்து வீட்டுச் சிறுவனுக்குக் கொடுத்துவிட்டான்.

மருமகன் பரிசாகக் கொடுத்த தட்டு ஒன்று என் பெட்டியில் இருந்தது. அதன் அடிப்புறத்தில் மகனின் பெயரையும் என் தொலைபேசி எண்ணையும் நானே எழுதினேன். சுப்ஹு தொழுகைக்குப் பின் ஊர்ப்புறத் திடலுக்கு இருவரும் போனோம். கூடை இல்லை, ஒரு கருவேல மரமே இலக்கு. அவன் தட்டை ஓங்கிய வேளையில், விறகுக் கட்டோடு ஒரு மூதாட்டி திடலின் குறுக்கே வந்துகொண்டிருந்தார்.

"பொறு" என்றேன். "அவர்கள் கடந்து போகட்டும்."

கையைத் தாழ்த்திக்கொண்டு நின்றான். நானும் அவன் பக்கத்தில் நின்றேன். எங்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லை.