இரண்டாயிரம் ரூபாயில் ஒரு சோதனைச்சாலை

எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படிக்கிற நம்மில் பலருக்கும் ஓர் ஆசை உண்டு. வீட்டில் சொந்தமாக ஒரு மேஜை. அதன்மேல் ஒரு சி.ஆர்.ஓ., ஒரு பங்ஷன் ஜெனரேட்டர், ஒரு பவர் சப்ளை! லேபில் மூன்று பேருக்கு ஒரு மீட்டர் என்று காத்து நிற்கும்போது இந்த ஆசை இன்னும் கூடும். எனக்கும் கூடியது. ஆனால் என் அப்பா கோட்டாறு சந்தையில் மூட்டை சுமக்கிறவர். எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். சீட்டு எடுத்த பணத்தில் 2,000 ரூபாயை எண்ணித் தந்துவிட்டு, "மக்கா, இதுக்கு மேல எங்கிட்ட இல்ல பாத்துக்கோ" என்றார். ஆகவே எதை வாங்குவது என்பதல்ல, எதை முதலில் வாங்குவது என்பதே கேள்வியாகிவிட்டது.

மீட்டர்தான் முதலில் என்பீர்கள். நான் முதலில் வாங்கியது ஒரு 100 வாட் குண்டு பல்பு! இப்போது அதைக் கடை கடையாகத் தேடத்தான் வேண்டியிருக்கிறது. ஒரு ஹோல்டர், ஒரு சுவிட்ச், ஒரு சாக்கெட், ஒரு பலகைத் துண்டு எல்லாம் சேர்த்து 240 ரூபாய். பேஸ் லைனில் பல்பைத் தொடராக இணைத்தால் சீரீஸ் போர்டு தயார். ரிப்பேருக்கு வந்த பொருளை நேராகக் கரண்ட்டில் சொருகாமல் இதில் சொருக வேண்டும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும். 230 வோல்ட்டில் அது அரை ஆம்பியருக்கும் குறைவாகத்தான் கரண்ட்டை விடும். பியூஸ் போகாது, பாகங்கள் கருகாது. நல்ல எஸ்.எம்.பி.எஸ். என்றால் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகும்போது பளிச்சென்று மின்னிவிட்டு மங்கிவிடும். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. நம்ம பக்கத்து மகேந்திரகிரியில் ராக்கெட் என்ஜினைத் தரையிலேயே கட்டிவைத்து எரித்துப் பார்த்துவிட்டுத்தானே அனுப்புகிறார்கள்!

ஒன்றை மறக்கக் கூடாது. இந்த பல்பு பொருளைக் காப்பாற்றும், நம்மைக் காப்பாற்றாது. தொட்டால் அடிதான். அம்மாவுக்கு இந்தப் பயம் இன்னும் போகவில்லை. "மக்களே, செருப்பப் போட்டுக்கிட்டு இரி" என்று அடுப்படியிலிருந்தே குரல் வரும். எங்கள் வாடகை வீட்டு பிளக்கில் எர்த் ஓட்டை இருந்தது, எர்த் இல்லை. தெருவிலுள்ள வயர்மேன் அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கம்பி இழுத்துத் தந்தார். டீக்கு மேல் எதுவும் வாங்கவில்லை.

பணத்தில் பெரும்பங்கு மீட்டருக்குத்தான் போனது, 850 ரூபாய். 200 ரூபாய்க்குக் கிடைக்கும் மஞ்சள் மீட்டர் பேட்டரி பார்க்கப் போதும். ஆனால் அதில் 10 ஆம்பியர் ஓட்டைக்குப் பக்கத்தில் பியூஸ் கிடையாது என்று அச்சடித்தே இருக்கும். வீட்டுக் கரண்ட்டில் கை வைக்கிறவனுக்கு அது ஆகாது. எல்லா ரேஞ்சிலும் பியூஸ் உள்ளது, கேட் 3 என்று குறித்தது, அதுதான் வேண்டும். மற்ற எதில் சிக்கனம் பார்த்தாலும் இதில் பார்க்காதீர்கள்.

25 வாட் சோல்டரிங் அயர்ன் 260. 60/40 ஈயக் கம்பியும் பிளக்ஸும் 120. கட்டரும் ஸ்க்ரூ டிரைவரும் 180. அயர்ன் ஸ்டாண்டை வாங்கவில்லை, கட்டுக் கம்பியைச் சுருட்டிச் செய்துகொண்டேன். ஈயத்தைத் தொட்ட கையோடு சோற்றில் கை வைக்கக் கூடாது. ஒரே அறையில் சமையலும் சோல்டரிங்கும் நடக்கிற வீடுகளுக்கு இதைச் சொல்லியாக வேண்டும்.

பவர் சப்ளை? பழைய இரும்புக் கடையில் 150 ரூபாய்க்குக் கம்ப்யூட்டர் எஸ்.எம்.பி.எஸ். ஒன்று கிடைத்தது. பச்சை வயரைக் கறுப்போடு சேர்த்தால் ஓடும். 12, 5, 3.3 வோல்ட் மூன்றும் வரும். பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும்.

முதலில் வந்தது சந்தைக் கொட்டகை ரேடியோ. அப்பாவே துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். போர்டில் சொருகினதும் பல்பு முழுசாக எரிந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மீட்டரை வைத்தேன். கார்டு உள்ளே நுழையும் இடத்தில் நசுங்கி, இரண்டு வயரும் ஒட்டிக் கிடந்தன. வெட்டி, சோல்டர் செய்து திரும்பவும் சொருகினேன். பல்பு இருண்டது, ரேடியோ பாடியது. அப்பா ரேடியோவைப் பார்க்கவில்லை, பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ பல்பு எரிஞ்சா உள்ள கோளாறு, அப்படித்தானலே?" என்றார். கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்த அப்பா இப்போது சந்தையில் இதைப் பத்துப் பேருக்கு விளக்குகிறாராம்!

சி.ஆர்.ஓ. இல்லை. போனில் ஓடும் ஸ்கோப் ஆப்கள் ஆடியோ அலையைக் காட்டும், டி.சி.யைக் காட்டாது, ஆம்ப்ளிபயர் பார்க்க அது போதும். மற்றதற்கு லேப் இருக்கிறது. செலவு 1,800. மிச்சம் 200 ரூபாயை எல்.எம்.317 வைத்து மாற்றக்கூடிய சப்ளை ஒன்று செய்ய எடுத்து வைத்திருக்கிறேன். யாரிடமாவது பழைய 12 வோல்ட் டிரான்ஸ்பார்மர் சும்மா கிடந்தால் சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன்.