கத்தார் பயணம் – 5: பக்கத்து மைதானத்தின் சேதி

2022 நவம்பர் 29-ஆம் தேதியோடு தோஹாவின் தினசரி ஒழுங்கே மாறிவிட்டது. அதுவரை மதியம் 1 மணி, மாலை 4, இரவு 7, 10 என்று நாளுக்கு நான்கு உலகக் கோப்பைக் கால்பந்து ஆட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்துகொண்டிருந்தன. எட்டு மைதானங்களும் ஒரே நகரைச் சுற்றி இருந்ததால், மெட்ரோவில் ஓடி ஒரே நாளில் இரண்டு ஆட்டங்களைப் பார்த்துவிட்டவர்கள் ஏராளம். குழுச் சுற்றின் கடைசி ஆட்டங்கள் வந்ததும் அந்த ஓட்டம் நின்றது. மாலை 6 மணிக்கு இரண்டு ஆட்டங்கள், இரவு 10 மணிக்கு இரண்டு. ஒரு குழுவின் நான்கு அணிகளும் ஒரே நேரத்தில், இரண்டு வெவ்வேறு மைதானங்களில் இறங்கும்.

இறுதிப் போட்டியைவிட இந்த நாட்களைத்தான் உலகக் கோப்பையின் உச்சம் என்று நான் நினைக்கிறேன். 32 நாட்டு ரசிகர்களும் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கண் முன்னால் நடக்கும் ஆட்டம் பாதிதான். மீதிப் பாதி எங்கோ கண்ணுக்கெட்டாத இடத்தில் நடந்துகொண்டிருக்கிறது.

நவம்பர் 30 மாலை எஜுகேஷன் சிட்டி மைதானத்தில் துனீசியாவும் பிரான்சும். மெட்ரோவின் பச்சை வழித்தடத்தில் இறங்கிச் சற்று நடந்தால் போதும், முக்கோணத் தகடுகள் பதித்த அந்தக் கட்டடம் வெளிச்சத்தில் நிறம் மாறி மாறித் தெரியும். அரங்கின் பெரும்பகுதி சிவப்பு. தோஹாவில் வேலை பார்க்கும் துனீசியர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். அவர்களோடு மொராக்கோ, எகிப்து, அல்ஜீரியா நாட்டுக்காரர்களும் அவரவர் கொடியோடு கலந்து உட்கார்ந்திருந்தார்கள். 1956-வரை துனீசியாவை ஆண்ட நாடு எதிரில் நிற்கிறது. அவர்களுடைய கேப்டன் வஹ்பி கஸ்ரியே பிரான்சின் கோர்சிகா தீவில் பிறந்தவர். அந்த மாலையின் சத்தத்தில் இதெல்லாம் இருந்தது.

பிரான்ஸ் ஏற்கெனவே அடுத்த சுற்றுக்குப் போய்விட்டதால், பயிற்சியாளர் தெஷான் முதன்மை வீரர்களில் பலரை உட்கார வைத்திருந்தார். 58-ஆவது நிமிடத்தில் கஸ்ரி தனியாகப் பந்தை ஓட்டிக்கொண்டு போய் வலைக்குள் தள்ளினார். என் பக்கத்தில் இருந்த அல்ஜீரியப் பொறியாளர் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். அல் ஜனூப் மைதானத்தில் ஆஸ்திரேலியாவும் டென்மார்க்கும் 0-0. அந்தக் கணக்குப்படி துனீசியா இரண்டாம் இடத்தில், முதன்முறையாக நாக்-அவுட் சுற்றில்.

இரண்டு நிமிடம்தான். அங்கே ஆஸ்திரேலியாவின் மேத்யூ லெக்கி கோல் போட்டுவிட்டார். யாரும் அறிவிக்கவில்லை, கைபேசி வைத்திருந்தவர்களின் முகத்திலிருந்து சேதி வரிசை வரிசையாக, நெல் வயலில் காற்று இறங்குவதுபோல், மேலிருந்து கீழே வந்தது. அதன்பின் அந்த அரங்கம் இரண்டு ஆட்டங்களை ஒன்றாக ஆடியது. டென்மார்க் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தால் போதும், துனீசியா உள்ளே. வாழ்நாளில் டென்மார்க்கைப் பற்றி ஒருதரம்கூட நினைத்திராத ஒரு பாட்டி, தலை முக்காட்டைச் சரிசெய்தபடி, பேரனிடம் திரும்பத் திரும்ப டென்மார்க் என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

டென்மார்க் கோல் போடவில்லை. இங்கே கடைசி நொடியில் பிரான்சின் கிரீஸ்மன் போட்ட கோல் வீடியோ பரிசோதனையில் ஆஃப்சைடு என்று ரத்தாகி, உலக சாம்பியனை 1-0 என்று வென்றது துனீசியா. வென்றதைக் கொண்டாடினார்கள், வெளியேறியதற்கு அழுதார்கள், இரண்டையும் ஒரே மூச்சில் செய்தார்கள். நான் பார்த்த எந்த விளையாட்டிலும் அப்படி ஒரு கூட்டத்தைக் கண்டதில்லை.

வெளியே வரும்போது அல்ஜீரியப் பொறியாளர் சொன்னார்: “இப்படி ஒரே நேரத்தில் ஆட வைப்பதே எங்களால் வந்ததுதான், தெரியுமா?” அவர் சொன்னது உண்மை. 1982-இல் ஸ்பெயினில் நடந்த உலகக் கோப்பையில் அல்ஜீரியா மேற்கு ஜெர்மனியை 2-1 என்று வீழ்த்தியது. தன் கடைசி ஆட்டத்தையும் வென்றுவிட்டுக் காத்திருந்தது. மறுநாள் ஹிஹோன் நகரில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மோதின. ஜெர்மனி ஒரு கோல் வித்தியாசத்தில் வென்றால் இரண்டு அணிகளுமே மேலே போகலாம். பத்தாவது நிமிடத்தில் ஹ்ருபெஷ் கோல் போட்டார். மிச்ச நேரம் முழுக்கப் பந்தை அங்கும் இங்கும் தட்டிப் பொழுதைப் போக்கினார்கள். காலரியில் இருந்த அல்ஜீரிய ரசிகர்கள் விலைபோன ஆட்டம் என்பதுபோல் தங்கள் பணத்தாள்களை ஆட்டிக்காட்டினார்கள். 1986-லிருந்து கடைசிக் குழு ஆட்டங்களை ஒரே நேரத்தில் நடத்துவது வழக்கமானது. “என் அப்பா இன்னும் அந்த ஆட்டத்தை மன்னிக்கவில்லை,” என்றார் பொறியாளர்.

அன்றிரவு சூக் வாகிஃபில் கரக் சாயா விற்கும் கடை ஒன்றில் நின்றேன். ஒரு டிவியில் அர்ஜென்டினா–போலந்து, இன்னொன்றில் மெக்சிகோ–சவுதி. பின்னால் தமிழ்ப் பேச்சு கேட்டுத் திரும்பினால் பரமக்குடிப் பக்கத்து இளைஞர் ஒருவர், அர்ஜென்டினா ஜெர்சியில். இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் தங்கி எலெக்ட்ரிஷியன் வேலை பார்க்கிறாராம்.

“லுசைல் ஸ்டேடியத்துல வயரிங் நாங்க பண்ணதுண்ணே. சவுதிகிட்ட மெஸ்ஸி தோத்தாருல்ல, அதே ஸ்டேடியம். அன்னிக்கு ரூம்ல யாரும் சாப்பிடல.”

“மேட்ச்சை எங்க பாத்தீங்க?”

“ஏஷியன் டவுன்ல, கிரிக்கெட் கிரவுண்டுல பெரிய ஸ்கிரீன் போட்ருக்காங்கண்ணே, எங்கள மாதிரி ஆளுங்களுக்காக. டிக்கெட் கிடையாது. பாதி வங்காளதேசம், பாதி கேரளா. எல்லாம் அர்ஜென்டினாவும் பிரேசிலும்தான்.”

அவரிடம் பேசிய பிறகு அந்த வெளிச்ச மைதானங்களை வேறு மாதிரிதான் பார்க்க முடிந்தது. உலகக் கோப்பையோடு தொடர்புடைய பணிகளில் இறந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள் 400-க்கும் 500-க்கும் இடையில் இருக்கலாம் என்று, ஏற்பாட்டுக் குழுவின் பொதுச் செயலாளர் ஹசன் அல் தவாதி அந்த வாரம்தான் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சொல்லியிருந்தார். இந்தக் கட்டடங்களை எழுப்பியவர்களில் நம் பக்கத்து ஆட்களும் உண்டு. அவர்கள் பெயர் எந்தச் சுவரிலும் என் கண்ணில் படவில்லை. பட்டிருக்க வேண்டும்.

டிவியில் போலந்து 0-2 என்று பின்தங்கியிருந்தது. அங்கே மெக்சிகோ 2-0 என்று முன்னிலை. புள்ளி, கோல் வித்தியாசம், போட்ட கோல் எல்லாம் சமம். போலந்து மஞ்சள் அட்டை குறைவாக வாங்கியிருந்தது ஒன்றுதான் அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. கடையில் இருந்த போலந்து ரசிகர்கள் தங்கள் வீரர்களைப் பார்த்து, முட்டாமல் நில்லுங்கள், தள்ளாதீர்கள் என்று கெஞ்சினார்கள். மெக்சிகோக்காரர்கள் இன்னொரு டிவி முன்னால் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் சவுதியின் அல் தவ்சாரி ஒரு கோல் போட, அட்டைக் கணக்கு தேவைப்படாமல் போயிற்று. 2-1 என்று வென்றும் மெக்சிகோ வெளியே. பரமக்குடிக்காரர் தன் அர்ஜென்டினா வென்ற மகிழ்ச்சியை அடக்கிக்கொண்டு, பக்கத்தில் அழுத மெக்சிகோ பையனுக்கு ஒரு சாயா வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் இரவு, அல் பித்தா பூங்காவின் பெருந்திரையில் ஜப்பான்–ஸ்பெயின். ஜெர்மனியும் கோஸ்ட்டா ரிக்காவும் அல் கோரில் ஆடிக்கொண்டிருந்தன. அங்கே 70-ஆவது நிமிடத்தில் கோஸ்ட்டா ரிக்கா 2-1 என்று முந்தியதும், மூன்று நிமிடங்களுக்கு ஸ்பெயின், ஜெர்மனி இரண்டுமே வெளியேறும் நிலை. திரைக்குக் கீழே ஜெர்மானியர்கள் ஸ்பெயின் கோல் போட வேண்டும் என்று கத்தினார்கள். ஜப்பான் வென்றது, ஜெர்மனி 4-2 என்று ஜெயித்தும் ஊருக்குப் போனது.

டிசம்பர் 2-ஆம் தேதி மாலை மறுபடி எஜுகேஷன் சிட்டி, மறுபடி சிவப்பு. இம்முறை கொரியர்கள். தென்கொரியாவின் மூன்று குழு ஆட்டங்களும் இதே மைதானத்தில்தான் நடந்தன. உருகுவேயோடு 0-0, கானாவோடு 2-3. அந்த இரண்டாவது ஆட்டத்தின் முடிவில் நடுவரிடம் வாதாடிய பயிற்சியாளர் பாலோ பென்டோவுக்குச் சிவப்பு அட்டை கிடைத்ததால், அவர் இன்று காலரியில் உட்கார்ந்துதான் பார்க்க முடியும். எதிரில் அவருடைய சொந்த நாடான போர்ச்சுகல்.

‘தே-ஹான்-மின்-குக்’ என்று நான்கு அசையில் நாட்டின் பெயரைச் சொல்லி, உடனே ஐந்து கைதட்டு: மூன்று, பிறகு இரண்டு. அவ்வளவுதான் அவர்களுடைய கோஷம். அரை மணி நேரத்தில் கேரளக் குடும்பங்களும் பிலிப்பைன்ஸ் நர்சுகளும் அதைத் தவறாமல் தட்டத் தொடங்கிவிட்டார்கள். ஐந்தாவது நிமிடத்திலேயே போர்ச்சுகல் கோல் போட்டபோதுகூட முரசு நிற்கவில்லை. 27-ஆவது நிமிடத்தில் கார்னரில் வந்த பந்து ரொனால்டோவின் முதுகில் பட்டு விழ, கிம் யங்-குவோன் அதை உள்ளே தட்டினார். கொரியர்களுக்கு அந்த முதுகு இரட்டை மகிழ்ச்சி. 2019-இல் சியோலுக்கு வந்த யுவென்டஸ் ஆட்டத்தில் ரொனால்டோ ஒரு நிமிடம்கூடக் களமிறங்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை அவர்கள் மறக்கவில்லை. பக்கத்திலிருந்த கல்லூரி மாணவி அந்தக் கதையைச் சொல்லிவிட்டு, “இன்று உதவி செய்துவிட்டார், மன்னித்துவிடலாம்,” என்றாள்.

ஆனால் 1-1 போதாது. அல் ஜனூபில் உருகுவே 2-0 என்று கானாவை முந்தியிருந்தது. கொரியா வென்றே ஆக வேண்டும். 90 நிமிடம் கடந்தது. போர்ச்சுகலின் கார்னர் வெளியே வந்து சோன் ஹியுங்-மின் காலில் விழுந்தது. ஒரு மாதத்துக்கு முன் கண் குழி எலும்பு முறிந்து, கறுப்பு முகமூடியோடு ஆடிக்கொண்டிருந்தார் அவர். மைதானத்தின் பெரும்பகுதியைத் தனியாக ஓடிக் கடந்தார். மூன்று பேர் சூழ்ந்தார்கள். நின்றார். ஒரு தடுப்பாட்டக்காரரின் கால்களுக்கு இடையே பந்தை நழுவ விட்டார். காயத்தால் முதல் இரண்டு ஆட்டங்களில் இறங்காத ஹ்வாங் ஹீ-சான் ஓடி வந்து அதைக் கோலாக்கினார். அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

விசில் ஊதியாயிற்று, 2-1. இப்போது கொரியாவுக்கும் உருகுவேக்கும் நான்கு புள்ளிகள், கோல் வித்தியாசமும் சமம். கொரியா நான்கு கோல்கள் போட்டிருக்கிறது, உருகுவே இரண்டு. அங்கே இன்னும் சில நிமிடங்கள் பாக்கி. உருகுவே ஒரே ஒரு கோல் போட்டால் எல்லாம் முடிந்தது. வீரர்கள் நடுமைதானத்தில் தோளோடு தோள் சேர்த்து வட்டமாக நின்று ஒரு கைபேசியைப் பார்த்தார்கள். காலரியிலும் ஒவ்வொரு கைபேசியைச் சுற்றியும் பத்துத் தலைகள். முரசு அடித்தவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். நாற்பதாயிரம் பேருக்கு மேல் இருந்த இடத்தில் பிரான்சுக்காரர் ஒருவர், கேரளக்காரர் ஒருவர், நான், எல்லோருமே அந்தச் சின்னத் திரையில் கானாவின் கோல் கீப்பர் அட்டி-ஸிகி பாய்ந்து பாய்ந்து தடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கானாவுக்கு இனி வழியில்லை. ஆனாலும் அவர்கள் விடவில்லை.

ஏன் என்பது திரும்பும் மெட்ரோவில் புரிந்தது. மஷைரிப் நிலையத்தில், அல் ஜனூப் மைதானம் இருக்கும் அல் வக்ராவிலிருந்து வந்த கானா ரசிகர்கள் முரசோடு ஆடிக்கொண்டு ஏறினார்கள். தோற்று வெளியேறியவர்கள்! 2010 காலிறுதியில் கானாவின் கோலை உருகுவேயின் சுவாரெஸ் கையால் தடுத்தார், அந்தப் பெனால்டியை அசமோவா ஜியான் குறுக்குக் கம்பத்தில் அடித்தார், ஆப்பிரிக்காவின் முதல் அரையிறுதி கைநழுவியது. இன்றும் ஆரம்பத்திலேயே ஆன்ட்ரே அயூவின் பெனால்டி தடுக்கப்பட்டது. “நாங்கள் போகவில்லை, அவர்களும் போகக்கூடாது. சுவாரெஸ் பெஞ்சில் அழுததைப் பார்த்துவிட்டோம்,” என்றார் பச்சை-மஞ்சள் அங்கி போட்ட பெரியவர். எதிர் இருக்கையில் வெளிர்நீல ஜெர்சியில் ஒரு உருகுவேக் குடும்பம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டார். முரசை நிறுத்தச் சொன்னார். பிறகு அந்தக் குடும்பத் தலைவரிடம் கை நீட்டினார். அவரும் எழுந்து கொடுத்தார்.

2026-இலிருந்து உலகக் கோப்பையில் 48 அணிகள் என்றானபோது, மூன்று மூன்று அணிகளாகக் குழு பிரிக்கத்தான் முதலில் திட்டமிட்டிருந்தார்கள். அப்படி வந்தால் ஒவ்வொரு குழுவிலும் ஓர் அணி கடைசி நாளில் சும்மா உட்கார்ந்திருக்கும், ஹிஹோன் திரும்பவும் நடக்கும். கத்தாரின் இந்த நான்கு இரவுகளைப் பார்த்த பிறகு ஃபிஃபா மனம் மாறி, 2023 மார்ச்சில் நான்கு அணிகள் கொண்ட குழுக்களுக்கே திரும்பியது. மூன்றாம் இடத்து அணிகளில் எட்டு மேலே போகும் என்பதால் பழைய கூர்மை கொஞ்சம் மழுங்கும். ஆனாலும் பெரிய இழப்பு தவிர்க்கப்பட்டது.

அன்றிரவு அதே மெட்ரோவில் கொரிய மாணவர்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்து கைபேசிகளில் மும்முரமாக இருந்தார்கள். மறுநாள் காலை அவர்களுக்கு இஞ்சான் விமானம். அணி இவ்வளவு தூரம் வரும் என்று அவர்களே நம்பியிருக்கவில்லை. ஒருத்தி விமான டிக்கெட்டை மாற்றுகிறாள், ஒருவன் அறை தேடுகிறான், இன்னொருவன் அம்மாவிடம் பணம் கேட்கிறான். 5-ஆம் தேதி ஸ்டேடியம் 974-இல் அடுத்த ஆட்டம். எதிரணி யார் என்பது 10 மணி ஆட்டங்கள் முடிந்தால்தான் உறுதி. லுசைலில் பிரேசில் கேமரூனோடு இறங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் எல்லோரும் அந்த ஆட்டத்தைத் திறந்தார்கள்.

(தொடரும்)