சுற்றி வருதல்

வேங்கிக்காலில் வாழும் எங்களுக்குச் சுற்றி வருதல் என்றதும் நிறைமதி நாளின் மக்கள் வெள்ளமே நினைவுக்கு வரும். அண்ணாமலையை வலம் வரும் பாதை 14 கிலோமீட்டர். ஆனால் தேர்தல் காலத்திலே வேறொரு வலமும் தொடங்கிவிடும். கூப்பிய கைகளுடன் வீடு வீடாக வருவார்கள்.

இந்த இரண்டாவது வலம் பண்டைய உரோமையருக்கு நன்கு தெரிந்ததே. பதவியை நாடுவோர் நகரில் மக்களைச் சுற்றிச் சுற்றி வந்து வாக்குக் கேட்பர். 'அம்பித்தியோ' என்னும் இலத்தீன் சொல் அவ்வாறு சுற்றி வருதலைக் குறித்தது. நாளடைவில் அதுவே பதவி ஆசைக்கும் பெயராயிற்று. சுண்ணம் தேய்த்து வெளுப்பேற்றிய ஆடையை உடுத்தி வந்தமையால் வேட்பாளருக்குக் 'கந்திதாத்துஸ்', அதாவது வெள்ளுடை தரித்தவர் என்று பெயர். நம் நாட்டு வெள்ளை வேட்டி நினைவுக்கு வருகிறதன்றோ?

அதே வேரில் பிறந்த 'அம்பித்துஸ்' என்பதோ ஒரு குற்றத்தின் பெயர். வாக்குக்குக் கையூட்டு வழங்கும் குற்றம். கி.மு. 63இல் ஆட்சித் தலைவராயிருந்த சிசரோ, அதற்குப் 10 ஆண்டு நாடு கடத்தும் தண்டனையைச் சட்டமாக்கினார். ஆயினும் கையூட்டு ஒழிந்தபாடில்லை. ஆடையை வெளுக்கச் சுண்ணம் போதும். உள்ளத்தை வெளுக்கச் சட்டம் போதாது.

இவற்றையெல்லாம் நான் நினைக்க நேர்ந்ததற்குக் காரணம் என் தம்பி. உள்ளாட்சித் தேர்தலில் நிற்க வேண்டும், செலவுக்காகத் தந்தையார் விட்டுச்சென்ற அரை ஏக்கர் நிலத்தை விற்கலாம் என்றான். அவன் தீயவன் அல்லன். திங்கட்கிழமைகளில் இவ்வூரிலுள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திற்கு மனுக்களோடு வரும் முதியோருக்கு, கூலி வாங்காமல் எழுதிக் கொடுப்பவன். "செலவழித்ததை எவ்வாறு திரும்பப் பெறுவாய்?" என்று கேட்டேன். சற்று நேரம் பேசாதிருந்தவன், "நல்லவர்கள் ஒதுங்கிக்கொண்டால் ஊர் யார் கைக்குப் போகும், அண்ணா?" என்றான். எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வியா அது?

உரோமையரிடம் இதற்கும் ஒரு விடை உண்டு. கி.மு. 458இல் பகைவர் படை நெருக்கியபோது, ஏறத்தாழ இரண்டரை ஏக்கர் நிலத்தில் பாடுபட்டுக்கொண்டிருந்த சின்சினாத்துசை அழைத்து முழு அதிகாரத்தையும் ஒப்படைத்தார்களாம். ஆறு மாதம் ஆளலாம். அவரோ வெற்றி கண்டு 16ஆம் நாளிலேயே பதவியைத் துறந்து வயலுக்குத் திரும்பினார் என்று எழுதுகிறார் லிவி.

நம் பக்கத்திலும் அத்தகையவர் ஒருவர் இருந்தார். திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் உழவர் குடியில் பிறந்த இராமசாமி ரெட்டியார், 1947இல் சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானார். பரிந்துரைகளுக்கு வளையாதவர் என்று பெயர் பெற்ற அவருக்குச் சொந்தக் கட்சியிலேயே எதிர்ப்பு வளர்ந்தது. 1949இல் பதவியை விட்டு விலகினார். பின்னர் வடலூரை நாடி, வள்ளலார் வழியில் எளிய தொண்டில் வாழ்ந்து 1970இல் மறைந்தார். இவ்விருவரும் பதவியை வெறுத்தவர் அல்லர். பதவி போனாலும் தம்மிடம் ஒன்றும் குறையாது என்று அறிந்தவர்கள்.

புனித அகுஸ்தினாரும் 'இறைவனின் நகரம்' என்னும் நூலில் இதை ஆராய்கிறார். புகழாசை என்னும் ஒரே ஆசைக்காக உரோமையர் பணத்தாசை முதலிய மற்ற ஆசைகளை அடக்கினர் என்று பாராட்டுகிறார். ஆனால் அந்தப் புகழாசையும் ஒரு குறையே என்று காட்டுகிறார். நல்லவனுக்கும் இங்கேதான் சோதனை. தொண்டு செய்ய விரும்புகிறோமா, தொண்டன் என்று அழைக்கப்பட விரும்புகிறோமா?

தம்பியிடம் என் முடிவைச் சொன்னேன்: "நிலத்தை விற்கக் கையொப்பமிட மாட்டேன். காசு கொடுக்காமல் நிற்பதானால், உன்னோடு வீடு வீடாக நானும் நடந்து வருகிறேன். தோற்றாலும் திங்கட்கிழமை மனு எழுதுவதை நிறுத்தக்கூடாது."

அவன் இன்னும் மறுமொழி கூறவில்லை. வீட்டிலே பேச்சுக் குறைந்திருக்கிறது. ஆயினும் சென்ற திங்கட்கிழமையும் பேனாவை எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்திற்குப் போனான்.